விதைக்குள் இருக்கும் நீர்



பாகூரில் நின்று அறக்கட்டளைச் சொற்பொழிவு நிகழ்த்துகிறவனுக்கு ஒரு கூச்சம் வரத்தான் செய்யும். கல்விக்குக் கட்டளை வைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், இங்கே இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக எழுதி வைத்தார்கள். பாகூர்ச் செப்பேடு அதைச் சொல்கிறது. அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் சாப்பிட்ட சோறு அந்த மூன்று ஊர் வயல்களில் விளைந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த வயல்களுக்கு வேண்டிய விதைநெல்லை யாரோ ஒரு வீட்டில் மாதக்கணக்கில் கெடாமல் காத்து வைத்திருக்க வேண்டும். அந்தக் காவலைப் பற்றி எந்தச் செப்பேட்டிலும் எழுதவில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலைத் தொடாமல் அதில் வருவதைக் கொண்டு நடத்துவது அறக்கட்டளை. விதைநெல்லையும் நம் வீடுகளில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். எத்தனை பஞ்சம் வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. இளையான்குடி மாற நாயனார் மழை இரவில் வயலுக்குப் போய், விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்து அடியாருக்கு அமுது படைத்த கதையைக் கேட்டு இன்றைக்கும் கண் கலங்குகிறோம். ஒரு படி அரிசியை அவர் கொடுத்ததற்காக யாரும் கலங்குவதில்லை. அடுத்த ஆண்டையே எடுத்துக் கொடுத்துவிட்டார் என்பது கதை கேட்ட ஒவ்வோர் உழவனுக்கும் தெரிந்திருந்தது.

நான் விதைப் பரிசோதனை மேசையில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவன். அந்த மேசைக்கு வருமுன்னே எனக்கு முதல் பாடம் சொன்னவர் என் அம்மா. எங்கள் வீட்டில் விதைநெல் அவர் பொறுப்பு. அப்பாவுக்கு அதில் பேச்சே கிடையாது. களத்தில் காய்ந்த நெல்லில் ஒரு மணியை எடுத்துக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிப்பார். ‘கடுக்’கென்று முறிந்தால் குதிருக்குப் போகும். பல்லுக்கு அடியில் மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில். பிற்காலத்தில் ஈரப்பதமானியை வைத்துக்கொண்டு அந்தக் கடியை நானே சரிபார்த்திருக்கிறேன். கடுக்கென்று முறிகிற நெல்லில் 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்து நான் பார்த்ததில்லை. சான்று பெற்ற நெல்விதைக்கு அரசு விதித்திருக்கும் உச்ச ஈரப்பதமும் அதே 13 சதவீதம்தான்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நம் கடற்கரை மண்ணில் விதையின் வயதை மாதத்தால் கணக்கிடக் கூடாது. அதற்குள் இருக்கும் நீரால் கணக்கிட வேண்டும்.

விதை உயிருள்ள பொருள். சாக்குக்குள் கிடந்தாலும் மூச்சு விடுகிறது. மூச்சு விட விட அதற்குள் இருக்கும் மாவு கரைகிறது, சூடும் நீரும் உண்டாகின்றன. உள்ளே நீர் கூடினால் மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானால் நீர் இன்னும் கூடும். ஈரம் 8, 9 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சிகளுக்கு வாழ்வு. 12, 14ஐத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். 18, 20 ஆனால் குவியலே கொதிக்கத் தொடங்கும். ஈரநெல் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தச் சூடு விதை தன்னையே எரித்துக்கொள்ளும் சூடு.

இதற்கு ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிஞர் எளிய கணக்கு ஒன்று கொடுத்தார். விதையின் ஈரப்பதத்தை ஒரு சதவீதம் குறைத்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பத்தை 5 டிகிரி செல்சியஸ் குறைத்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும். முதல் விதி, ஈரப்பதம் ஏறத்தாழ 5 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்போது பொருந்தும். இரட்டிப்பு என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். 14 சதவீத ஈரத்தில் நான்கு மாதம் தாங்குகிற விதை, 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் பதினாறு மாதம் தாங்கும். களத்தில் கூடுதலாக இரண்டு நாள் காய்ந்த காய்ச்சல் ஓராண்டு ஆயுளாக மாறுகிறது. இதைவிட மலிவான விவசாயச் செலவு வேறொன்றை நான் அறியேன்.

அவர் சொன்ன இன்னொரு கணக்கு நமக்குக் கசப்பானது. சேமிப்பிடத்தின் வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தோடு கூட்டினால் 100ஐத் தாண்டக் கூடாது என்றார். நம் ஊரில் கூட்டிப் பார்ப்போம். கார்த்திகை மாதத்தில் வெப்பம் 80 என்று வைத்தால், காற்றின் ஈரமும் 80க்குக் குறையாது. கூட்டினால் 160. சித்திரையில் காற்று சற்றே உலரும், வெயில் ஏறிவிடும், கூட்டல் அப்படியே நிற்கும். பாகூரில் ஆண்டு முழுதும் தேடினாலும் 100 வருகிற மாதம் கிடையாது. குளிர்பதனக் கிடங்கு இல்லாதவனுக்கு வெப்பம் கையில் இல்லை, காற்றின் ஈரமும் கையில் இல்லை. அவன் கையில் இருப்பது விதைக்குள் இருக்கும் நீர் மட்டுமே.

அதையும் ஒருமுறை காயவைத்துவிட்டால் போதாது. கோணிச்சாக்கில் இருக்கும் நெல் சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. காற்றில் 75 சதவீத ஈரம் இருந்தால் நெல் மெல்ல மெல்ல 14 சதவீதத்துக்கு வந்து நிற்கும், 90 இருந்தால் 17க்கும் மேலே போகும். சித்திரை வெயிலில் 11 சதவீதம் வரை காய்த்து மூட்டை கட்டியவர், ஐப்பசி அடைமழை முடிந்து மூட்டையைப் பிரிக்கும்போது அதே விதையைப் பிரிப்பதில்லை.

இந்த இடத்தில் நம் பருவங்களைக் கொஞ்சம் பாருங்கள். சம்பா விதையைத் தையில் அறுக்கிறோம், ஆடி ஆவணியில் நாற்றங்காலுக்கு எடுக்கிறோம். ஏழு மாதம். அது பெரும்பாலும் கோடையைக் கடக்கும் பயணம், அதனால் பிழைத்துவிடுகிறது. நவரை விதை அப்படியல்ல. சித்திரையில் அறுத்தது அடுத்த மார்கழி, தை வரை கிடக்க வேண்டும். சொர்ணவாரி விதை ஆவணியில் வந்து மறு சித்திரை வரை இருக்க வேண்டும். உளுந்து பங்குனியில் பறித்தது, சம்பா அறுப்புக்கு முன் தெளிக்க மறு தை வரை பத்து மாதம் இருக்க வேண்டும். இவை மூன்றும் வடகிழக்குப் பருவமழையைக் கடந்தே தீர வேண்டும். நம் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் விதை செத்துப்போவது பெரும்பாலும் அந்த மூன்று மாதங்களில்தான். ‘விதை பழசாகிவிட்டது’ என்று விவசாயி சொல்கிறார். பழசாகவில்லை. நனைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல், காற்றால் நனைந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரிந்தே நனைந்த ஆண்டும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. வயலில் நின்ற சம்பாவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், படம் எடுத்தார்கள், கணக்கெடுத்தார்கள். அந்த வாரம் நான் போன ஒரு வீட்டில் திண்ணையில் உளுந்தைப் பரப்பிவைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஊறி வெடித்து முளை நீட்டியிருந்தது. அடுத்த மாதம் தெளிக்க வைத்திருந்த விதை. அந்த இழப்புக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? காய்ந்த விதைக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்ப வேண்டும். தெற்கே நெல்லைச் சீமையில் விதைக்கோட்டை கட்டுவார்கள். வைக்கோல் புரியில் நெல்லை வைத்து உருண்டையாக இறுக்கிக் கட்டி, மேலே சாணம் மெழுகிவிடுவார்கள். நம் பக்கத்துக் குதிரும் வாயை மண் பூசி அடைக்கப்பட்டதுதான். முறை வேறு, எண்ணம் ஒன்று. இன்றைக்கு அந்த வேலையைக் கெட்டியான பாலித்தீன் உறை செய்யும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சாக்குக்கு உள்ளே போடும் காற்றுப்புகா உறை ஒன்றைப் பரப்பியது. சாதாரணச் சாக்கில் ஆறு மாதம் தாங்குகிற விதை அதில் ஓராண்டு தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறுக்கு மூன்றடுக்குப் பைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் வண்டே மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடங்கிப்போகும்.

ஒரு எச்சரிக்கை. ஈர விதையை இறுக மூடினால், மூடாமல் விட்டதைவிட வேகமாகச் சாகும். அதனால்தான் சாதாரணப் பையில் 13 சதவீதம் வரை அனுமதிக்கிற சான்று விதிகள், காற்றுப்புகாத பைக்கு 8 சதவீதம் என்று கறாராகச் சொல்கின்றன. நம் வெயிலில் நெல்லை 8க்குக் கொண்டுவருவது சுலபமல்ல என்பதை நான் மறைக்க மாட்டேன். உலர்த்தி வேண்டும். ஆனால் கோடை வெயிலில் நன்றாகக் காய்ந்ததை அன்று மாலையே, சூடு ஆறியதும், பனி இறங்குமுன் உறையில் அடைக்க எந்த இயந்திரமும் வேண்டாம். ஈரமானி இல்லாதவர் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் விதையையும் வறட்டு உப்பையும் போட்டுக் குலுக்கலாம். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அப்புறம் பல்லால் கடித்துப் பார்க்கலாம்.

உலர்த்துவதிலும் ஒரு தவறு பரவிவிட்டது. களங்கள் மறைந்து போனதால் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டுகிறோம். சோற்றுக்குப் போகிற நெல்லுக்கு அது அரிசி உடைகிற பிரச்சினை. விதைக்கு அது உயிர்ப் பிரச்சினை. விதைநெல் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது. சித்திரை நண்பகலில் தார்ச்சாலை 50ஐத் தாண்டிக் கொதிக்கும். காலையிலும் மாலையிலும் காயவைத்து, 12 மணியிலிருந்து 3 மணி வரை கூட்டி மூடிவைக்க வேண்டும். தார்ப்பாயோ சிமெண்டுக் களமோ போதும்.

இனி வயலுக்கு வருகிறேன். நல்ல விதை களத்தில் பிறப்பதில்லை, நின்ற பயிரிலேயே தீர்மானமாகிறது. பாதிக் கதிர்கள் பூத்த நாளிலிருந்து, ரகத்தின் வயதைப் பொறுத்து 28 முதல் 34 நாளில் நெல்மணி தன் முழு எடையையும் முழு வீரியத்தையும் அடைகிறது. அந்த நாளுக்குப் பிறகு வயலில் நிற்கிற ஒவ்வொரு நாளும், பனியில் நனைந்து வெயிலில் காய்ந்து, விதை மூப்படைகிறது. வயலே அதன் முதல் சேமிப்புக் கிடங்கு, மிக மோசமான கிடங்கும் அதுதான். ஆனால் இன்று அறுவடை நாளைக் குறிப்பது பயிரல்ல, அறுவடை இயந்திரம் எந்த நாள் நம் பக்கம் வருகிறது என்பது. இதில் உழவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விதைக்கென்று ஒதுக்கிய கால் காணியையாவது கையால் அறுக்க முடிந்தால் அறுங்கள்.

அந்த இயந்திரம் இன்னொன்றும் செய்கிறது. நேற்று எவர் வயலிலோ அறுத்த நெல் அதன் வயிற்றில் தங்கியிருக்கிறது. ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204 ரகத்தில் ஆயிரம் மணி ஏறத்தாழ 15 கிராம் இருக்கும், அதாவது ஒரு கிலோவில் அறுபத்தாறாயிரம் விதைகள். சான்று விதையில் ஒரு கிலோவுக்கு 20 பிற பயிர் விதைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. வயல் ஆய்வில் கலவன்கள் 0.20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும், அதாவது ஆயிரம் பயிருக்கு இரண்டு. சுத்தம் செய்யாத ஒரு இயந்திரம் ஐந்து நிமிடத்தில் இந்தக் கணக்கைத் தகர்த்துவிடும். முதலில் கொட்டுகிற இரண்டு மூட்டையைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, அடுத்து வருவதிலிருந்து விதை எடுங்கள்.

நெல்லில் மகரந்தக் கலப்பு குறைவு. அதனால் விலகு தூரம் 3 மீட்டர் இருந்தால் போதும் என்று விதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த 3 மீட்டரும் சில இடங்களில் வேடிக்கையான எல்லையைக் கடக்கும். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். இரண்டு அரசு, இரண்டு மானியம், ஒரே வாய்க்கால். அந்தப் பக்கத்து உழவரோடு பேசி இரண்டு பேரும் ஒரே ரகம் நடுவதுதான் சிறந்த விலகு தூரம். மற்றபடி கலவன் பொறுக்குவது கண்ணின் வேலை. பூக்கும்போது ஒருமுறை, பால் பிடிக்கும்போது ஒருமுறை, முற்றும்போது ஒருமுறை இறங்கி, உயரத்திலோ கதிரிலோ நிறத்திலோ மாறி நிற்பதை வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கினதை வரப்பில் போட்டுவிட்டு வரக் கூடாது.

இப்போது என் சொந்த மேசைக்கு வருகிறேன். விதையைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே ஒரு கோபத்தில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புல்விதை என்று சொல்லி மணலும் பொடிக்கல்லும் கலந்து விற்றார்கள். ஜெர்மனியின் சாக்சனியில் தாரன்ட் என்ற ஊரில் பிரெடரிக் நோபே என்ற பேராசிரியர் அதைப் பொறுக்காமல் 1869இல் உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். 1924இல் சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம் வந்தது. எந்த நாட்டில் எந்த மேசையில் எண்ணினாலும் ஒரே விடை வரவேண்டும் என்பதற்காக, நானூறு விதை, நூறு நூறாக நான்கு பிரிவு, நெல்லுக்கு 5ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 14ஆம் நாள் இறுதி எண்ணிக்கை என்று வகுத்தார்கள். நம் நாட்டில் தேசிய விதைக் கழகம் 1963இலும், விதைச் சட்டம் 1966இலும் வந்தன. சான்று நெல்விதையில் நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும், உளுந்தில் 75, நிலக்கடலையில் 70.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விதை வாங்குகிற பலரும் இதை அறியாமல் ஏமாறுகிறார்கள். மூட்டையில் தொங்கும் நீல அட்டை, சோதனை செய்த நாளில் அந்த விதை எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. அது ஒன்பது மாதம் செல்லும். ஒன்பது மாதத்தில் அந்த மூட்டை எந்தக் கொட்டகையில், எந்த ஈரச்சுவரில் சாய்ந்து கிடந்தது என்று அட்டைக்குத் தெரியாது. ஒரு முறை நானே கெடு முடியாத அட்டையோடு உளுந்து வாங்கி, மேசை வைத்திருக்கிறவன் என்ற அலட்சியத்தில் சோதிக்காமல் தெளித்துவிட்டேன். வயல் வெளுத்துக் கிடந்தது. மிச்சத்தைக் கொண்டுவந்து எண்ணியபோது பாதிகூடத் தேறவில்லை. விற்றவரை நான் இன்றும் நொந்துகொள்வதில்லை. நூறு விதை எண்ண எனக்கு ஒரு வாரம் இருந்தது.

எண்ணுவது எப்படி? சுத்தமான கோணித்துண்டை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து விதை. பொறுக்கி எடுக்காதீர்கள், மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் அள்ளிக் கலந்து கைக்கு வந்ததை வையுங்கள். பாயைப் போலச் சுருட்டிக் கட்டி நிழலில் சாய்த்து, காயாமல் நீர் தெளித்து வாருங்கள். பிரிக்கும்போது முளை விட்டதை எல்லாம் எண்ணிவிடக் கூடாது. வேரும் குருத்தும் இரண்டும் நேராக, முழுதாக வந்தது ஒரு நாற்று. வேர் மட்டும் நீட்டிக் குருத்து இல்லாதது, குருத்து முறுக்கிக்கொண்டது, அடியில் அழுகியது, இவை வயலில் நிற்காது. முளைக்காமல் உறுதியாகக் கிடப்பது ஒருவேளை உறங்குகிற விதை. புதிதாக அறுத்த நெல் சில வாரம் உறங்கும், அது கெடுதல் அல்ல. அழுத்தினால் பிதுங்குவது செத்த விதை.

அதோடு 5ஆம் நாள் எத்தனை, 14ஆம் நாள் எத்தனை என்று இரண்டையும் எழுதிவையுங்கள். அட்டையில் வராத செய்தி அங்கே இருக்கிறது. இரண்டு மூட்டை விதையும் கடைசியில் 85 காட்டலாம். ஒன்று ஐந்தாம் நாளே கூட்டமாக எழுந்துவிட்டது, இன்னொன்று ஒவ்வொன்றாகத் தள்ளாடி எழுந்தது. முளைப்புத்திறன் ஒன்று, வீரியம் வேறு. சேமிப்பில் முதலில் குறைவது வீரியம், முளைப்புத்திறன் கடைசியில்தான் சரியும். நாற்றங்காலில் நெருக்கி விதைத்துக் கொத்தாக நட்ட காலத்தில் இந்த வித்தியாசம் மறைந்து போனது. மடகாஸ்கரில் ஹென்றி தெ லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் உருவாக்கிய முறை, நம் ஊரில் ஒற்றை நாற்று நடவு என்று வந்தபிறகு ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும் என்றாகிவிட்டது. குத்துக்கு ஒரே நாற்று, அதுவும் பதினான்கு நாள் பிள்ளை. அங்கே சோடை விதைக்குத் துணை நிற்க இன்னொரு நாற்று இல்லை. விதையளவு குறையக் குறைய, தரம் ஏறித்தான் ஆக வேண்டும். நல்ல விதை மட்டுமே 15, 20 சதவீத விளைச்சலைக் கூட்டும் என்று மேடைகளில் சொல்வார்கள். நீரும் உரமும் சரியில்லாத வயலில் அது வராது. ஆனால் விதை சரியில்லாத வயலில் நீரும் உரமும் எதையும் தராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விதைக்கும் முன் உப்பு நீரில் போட்டுப் பொறுக்கும் முறையைப் பலரும் அறிவீர்கள். 10 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்தால் முட்டை மிதக்கும், பொக்கும் அரைமணியும் மிதக்கும், கனத்த விதை அடியில் தங்கும். ஜப்பானில் யொகொய் தொகியொஷி 1882இல் இதை முறைப்படுத்தினார். பிறகு நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச மறந்துவிடாதீர்கள், உப்பு முளையைக் கெடுக்கும். எடை குறைந்ததை இது நீக்கும். செத்த விதை கனமாக இருந்தால் அதுவும் அடியில்தான் தங்கும். ஆகவே உப்பு நீர் சோதனை, கோணிச்சுருளுக்கு மாற்று ஆகாது.

உளுந்தையும் கடலையையும் தனியாகச் சொல்ல வேண்டும். உளுந்தில் வண்டு கிடங்கில் பிறப்பதில்லை, வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுக்கொண்டு நம்மோடு வீட்டுக்கு வருகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தலைமுறை. பத்து மாதத்தில் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்கிடுங்கள். 9 சதவீதத்துக்குக் காயவைப்பது முதல் மருந்து. பாட்டிமார் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள், ஆமணக்கெண்ணெய் தடவினார்கள், நொச்சி இலை போட்டார்கள். இன்று 100 கிலோவுக்கு ஒரு கிலோ வினையூக்கிய களிமண் கலக்கச் சொல்கிறோம். அந்தத் தூள் வண்டின் மேல்தோலை உரசி அதன் உடல்நீரை வற்றவைக்கிறது. இங்கும் நீர்தான் விஷயம். சேதராப்பட்டு, தொண்டமாநத்தம் பக்கத்துச் செம்மண்ணில் போடுகிற கடலைக்கு ஒரு விதியை மட்டும் சொல்கிறேன். விதையைக் காயாகவே வைத்திருங்கள், விதைப்புக்கு ஒரு வாரம் முன் கையால் உடையுங்கள். ஓடு அதற்கு இயற்கை போட்ட உறை. இயந்திரத்தில் உடைத்த பருப்பு கண்ணுக்கு முழுசாகத் தெரியும், தோலில் கீறல் இருக்கும், மண்ணில் பூசணம் அந்த வழியே நுழையும்.

இந்த மண்ணுக்கு இவையெல்லாம் எட்டாத விஷயமல்ல. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று அது பெருந்தலைவர் காமராஜர் பெயரில் குரும்பாபேட்டில் இருக்கிறது. பாரதிதாசன், புனிதவதி, அரவிந்தர் என்று புதுவையின் அடையாளம் தாங்கிய நெல் ரகங்கள் இந்த மண்ணிலிருந்து வெளியாயின. ரகத்துக்குக் கவிஞர் பெயரை வைத்த ஊர் நம்முடையது! 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் திறந்தது. வீராம்பட்டினத்து மீனவருக்கு அலை உயரமும், உள்ளூர் உழவருக்கு விலை நிலவரமும் கம்பியில்லாத் தொடர்பில் போயின. அலை உயரத்தைக் கரும்பலகையில் எழுத முடிந்த ஊரில், விதையின் முளைப்பு எண்ணிக்கையை எழுத முடியாதா?

உழவர் உதவியகங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆடி பிறந்ததும் ஒரு வாரம், மார்கழி பிறந்ததும் ஒரு வாரம், வீட்டு விதையை யார் கொண்டுவந்தாலும் நூறு எண்ணிச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம், ரகமும் எண்ணும் போதும், வாசலில் எழுதுங்கள். சொந்த விதையை வைத்துக்கொள்ளவும், மாற்றிக்கொள்ளவும், வணிக முத்திரை இல்லாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைத் தரத்தோடு பயன்படுத்த ஒரு எண் வேண்டும். மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். முளைப்பாரி விதைப் பரிசோதனைக்காகவே ஏற்பட்டது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புவதில்லை, அது வழிபாடு. ஆனால் எந்த வீட்டு விதை எப்படி எழும்பியது என்று ஊரே பார்க்கும் கண் அங்கே இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

வாயிற்புறத்து மேசையில் ஆறு கோணிச்சுருள்கள் வைத்திருக்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தவுடன் இரண்டு கொம்யூன்களிலும் ஆறு வீடுகளில் கேட்டு வாங்கிய நெல்விதை. வீட்டின் பெயர் இல்லை, 1 முதல் 6 வரை எண் மட்டும் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நூறு விதை, இன்றோடு 14 நாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் தாளும் பென்சிலும் இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், மாணவர்கள் முதலில் உட்காரட்டும், பிரித்து எண்ணுவோம்.